பஞ்சு படிந்த கூலர்கள்: பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நிட்டிங், கட்டிங், எம்பிராய்டரி, பிரிண்டிங் என்று தொழில் நடத்தும் முதலாளிமார்களுக்கும், அங்கே கணினி முன் உட்கார்ந்து மார்க்கர் போடுகிற, பஞ்சிங் செய்கிற, கலர் செபரேஷன் பார்க்கிற தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

கணினி சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் எழுதும் மடல் இது. இவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று நீங்கள் யோசித்தால் அது நியாயம்தான். நான் சொல்வதைச் செய்தால் எனக்கு வரும் போன்கள் குறையும். அப்படிக் குறைந்தாலும் பரவாயில்லை, ஒரே பேச்சைக் கம்பெனி கம்பெனியாகப் பேசி அலுத்துவிட்டது.

"சிஸ்டம் ஸ்லோ ஆயிருச்சுங்க" என்றுதான் எல்லாப் போனும் ஆரம்பிக்கும். காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இழுக்கிறது, பெரிய மார்க்கர் போட்டால் அப்படியே நிற்கிறது. முதலில் விண்டோஸை மாற்றிப் போடுவார்கள். அடுத்து வைரஸ் என்பார்கள். அதற்கடுத்து ரேம் கூட்டுவார்கள். எதற்கும் அசையவில்லை என்றால், "பழசாயிருச்சு, புதுசு வாங்கிரலாம்" என்று முடிவாகிவிடும். புதுக் கணினியும் அதே மேசைக்குக் கீழே, அதே தரையில், அதே பஞ்சுக்கு நடுவில் வந்து உட்காரும். இத்தனைக்கும் நடுவில் புராசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதைத் திறந்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். இன்டெல் பெட்டியோடு வருகிற சின்னக் கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வட்டமாக விரிந்த அலுமினியத் தகடுகள், அதன் மேல் படுக்கையாக ஒரு ஃபேன். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் இருக்கும். இறக்கைகளின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறக் கோடு. "நல்லாத்தானே இருக்குது" என்று மூடிவிடுவார்கள். ஃபேனைத் தனியாகப் பிரித்தால்தான் விஷயம் வெளியே வரும். அலுமினியத் தகடுகளின் மேல், ஃபேனுக்கு அடியில், ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பஞ்சு இறுகிப் படிந்திருக்கும். விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் வட்டமாக, முழுத் துண்டாக எழுந்து வரும். அன்றன்றைக்கு எந்தக் கலர் துணி ஓடியதோ அந்தக் கலர் அதில் அடுக்கடுக்காகத் தெரியும். நேவி புளூ, மேலே மெரூன், அதற்கு மேல் வெள்ளை.

இதன் விளைவு என்ன என்பதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டியதில்லை. ஃப்ளீஸ் துணியைப் பிரஷ் செய்து எதற்காக மயிர் எழுப்புகிறீர்கள்? இழைகளுக்கு நடுவில் காற்று அடைபட்டு நின்று உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கத்தானே. சூட்டை வெளியேற்றுவதற்கென்றே வைத்த பொருளுக்கு ஒரு ஸ்வெட்ஷர்ட் மாட்டிவிட்டிருக்கிறோம்.

புராசஸர் அதனால் உடனே எரிந்துபோகாது. அந்தக் காலத்தில் எரிந்தது. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற கணினி விமர்சன இணையதளத்துக்காரர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து கூலரைப் பிடுங்கி எடுத்து ஒரு படம் வெளியிட்டார்கள். ஏஎம்டி அத்லான் புகைந்து செத்தது, இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று இரண்டு கம்பெனிகளின் புராசஸர்களும் அப்படித் தங்களைக் காப்பாற்றிக்கொள்கின்றன. 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் வேகத்தை இறக்கிவிடும். உங்களில் பலரிடம் இருக்கிற இன்டெல் ஐ5-12400, 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறக்கூடியது. அதன் அடிப்படை வேகம் 2.5. மூச்சு அடைத்த கூலரோடு அது இந்த இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கும், ரொம்ப மோசமானால் அதற்கும் கீழே போகும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஏறக்குறைய பாதி வரை பஞ்சுக்குப் போகலாம். கணினி சாகாமல் இருப்பதால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அத்லான் காலத்தில் கூலரை எல்லோரும் பயந்து கவனித்தார்கள்.

அடுத்தது அறையின் சூடு. காற்றை வைத்துக் குளிரவைக்கும் புராசஸர் கூலர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அறைக்காற்றைவிடக் குளிராக அதை வைக்க முடியாது. அறை 10 டிகிரி ஏறினால் புராசஸரும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். வெளிநாட்டு விமர்சனங்களில் "72 டிகிரிதான் வந்தது" என்று காட்டுவார்கள், அறை 22 டிகிரியில் இருக்கும். அதே கூலரை ஷீட் கூரைக்கு அடியில், சித்திரை மாதம், 38 டிகிரியில் வையுங்கள். 88 வரும். அதுவும் சுத்தமான கூலருக்கு. மத்தியானத்துக்கு மேல் ஏன் இழுக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, எந்தக் கூலர் வாங்குவது? கடைக்காரரிடம் கேட்டால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட் கணக்கைக் காட்டுவார். 200 வாட், 220 வாட், 260 வாட். அந்த எண்ணை அளக்க எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு முறை கிடையாது. அவரவர் அளந்து அவரவர் அச்சடிப்பது. பக்கத்துக் கம்பெனிப் பெட்டியோடு ஒப்பிட அது உதவாது. நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன்: கூலரைப் போர்டிலிருந்து கழற்றாமல், ஃபேனை மட்டும் கையால் எடுத்து, தகடுகளைத் துடைக்க முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். பனியன் கம்பெனிக்கு இதைவிடப் பெரிய தகுதி ஒரு கூலருக்கு வேண்டாம்.

செங்குத்தாக நிற்கும் டவர் கூலர் இதில் பாஸாகும். அடியில் புராசஸரைத் தொடும் தகடு, அதிலிருந்து மேலே போகும் நான்கு செம்புக் குழாய்கள், குழாய்களில் கோத்த அலுமினியத் தகடுகள், பக்கவாட்டில் 120 மில்லிமீட்டர் ஃபேன். ஃபேனைப் பிடித்திருப்பது இரண்டு கம்பிக் கிளிப்புகள். விரலால் நெம்பினால் ஃபேன் கையோடு வந்துவிடும், பஞ்சு முழுக்கக் கண் முன்னால் நிற்கும். பெட்டியோடு வரும் கூலரில் ஃபேனைப் பிரிக்கப் பெரும்பாலும் முழுக் கூலரையும் கழற்ற வேண்டியிருக்கும். இன்டெல் என்றால் நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்கள். கழற்றிக் கழற்றி மாட்டினால் அவற்றின் கால் வெளுத்து விரிந்து, ஒருநாள் ஒடிந்துவிடும். ஒரு மூலை தூக்கிக்கொண்டால் கூலர் இருந்தும் இல்லாத கணக்குதான். அது போக, கூலரைத் தூக்கிய ஒவ்வொரு முறையும், புராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும். இத்தனை வேலை என்றால் யார் சுத்தம் செய்வார்கள்? செய்ய மாட்டார்கள், செய்யவும் இல்லை.

டவரில் இன்னொரு லாபம் உண்டு. ஃபேன் பேரிங் தேய்ந்து கரகரவென்று சத்தம் வந்தால் ஃபேனை மட்டும் மாற்றலாம். 120 மில்லிமீட்டர், நாலு பின் ஃபேன் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். தகடுகளும் குழாய்களும் சேர்ந்த ஹீட்சிங்க் அப்படியே பல வருடம் உழைக்கும்.

தகடுகளின் இடைவெளியையும் பாருங்கள். நெருக்கமாக அடுக்கியது சோதனைக்கூடத்தில் ஜெயிக்கும், உங்கள் ஹாலில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இரண்டு தகட்டுக்கு நடுவில் பெயின்ட் பிரஷ்ஷின் மயிர் தாராளமாக நுழைய வேண்டும். ஐ3, ஐ5, ரைசன் 5 ரகங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் ஒற்றை ஃபேன் டவரே போதும். ஐ5-12400 முழுமூச்சாக ஓடும்போது இழுப்பது 117 வாட். அதற்கு இரட்டை டவர் மாட்டுவது பெருமைக்குத்தான். ஐ7-12700 போன்றது 180 வாட் வரை போகும், இரவு பகலாக அதில் நெஸ்டிங் ஓட்டுகிறவர்கள் பெரியதாக எடுங்கள், தப்பில்லை. ஆஸ்திரியாவின் நோக்டுவா 2014-ல் கொண்டுவந்த என்எச்-டி15 இன்றும் பேர் சொல்லும் கூலர். அதன் விலைக்கு உங்கள் ஸ்டோரில் இருக்கும் மற்றக் கணினிகளுக்கெல்லாம் சேர்த்து டவர் மாட்டிவிடலாம் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாட்டர் கூலிங் பற்றியும் கேட்கிறீர்கள். கலர் லைட்டோடு பார்க்க அழகுதான். அதன் ரேடியேட்டரில் தகடுகள் டவரைவிட நெருக்கம், பஞ்சு பிடித்தால் பிரஷ் உள்ளே போகாது. பம்ப் நின்றால் மொத்தமும் மாற்ற வேண்டும். நிட்டிங் ஹாலுக்கு வேண்டவே வேண்டாம். ஏசி போட்ட மெர்ச்சண்டைசர் ரூமில் ஆசைப்பட்டால் அது உங்கள் இஷ்டம்.

வாங்கும் முன் இரண்டு அளவைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று, உயரம். டவர்கள் 150, 155, 160 மில்லிமீட்டர் என்று வரும். என்எச்-டி15 165. கேபினட் எவ்வளவு உயரம் வரை இடம் கொடுக்கும் என்று அதன் விவரத்தாளில் இருக்கும். இதைப் பார்க்காமல் வாங்கி, பக்கத் தகட்டை மூட முடியாமல், திறந்தே வைத்து ஓட்டுகிற கம்பெனிகளை எனக்குத் தெரியும். பஞ்சுக்குக் கதவைத் திறந்து வைத்தது மாதிரி ஆகிவிட்டது. மெல்லிய கேபினட் என்றால் டவரை மறந்துவிடுங்கள். இரண்டாவது, சாக்கெட். இன்டெல் போர்டுகளில் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி நெடுங்காலம் 75 மில்லிமீட்டராக இருந்தது. 2021-ல் 12-ஆம் தலைமுறை வந்தபோது 78 ஆனது. பழைய கூலரை எடுத்துப் புதுப் போர்டில் மாட்டப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் இடிக்கும். ஏஎம்டியில் ஏஎம்4-க்குப் பொருந்தும் கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-க்கும் பொருந்தும். பெயர் பெற்ற கம்பெனிகளின் ரெடிமேட் கணினிகள் பலவற்றில் போர்டும் ஸ்குருவும் அவர்கள் அளவுதான், அங்கே கூலரை மாற்றும் யோசனையை விட்டுவிட்டு இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள்.

மாட்டும்போது இரண்டு பேரில் ஒருவர் ஃபேனைத் திருப்பி வைக்கிறார். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அந்தப் பக்கம் தகடுகளை ஒட்டி, காற்று கேபினட்டின் பின்பக்கம் நோக்கிப் போக வேண்டும். அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவதும் வழக்கமாக நடக்கிறது. உரித்துவிடுங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

இனி சுத்தம் செய்வது. இதற்குத்தான் இத்தனையும் எழுதினேன்.

முதலில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் செய்கிறீர்கள். சிங்கர், ஓவர்லாக் மெஷின்களில் பஞ்சை ஊதுகிற கம்ப்ரஸர் கன்னைக் கணினிக்குள் விடாதீர்கள். அந்தக் குழாயில் காற்றோடு தண்ணீரும் கம்ப்ரஸர் எண்ணெயும் வருகிறது. ஒரு வெள்ளைத் துணியில் ஊதிப் பாருங்கள், தெரியும். அந்த அழுத்தத்தில் ஃபேன், தான் சுற்ற வேண்டிய வேகத்தைப் போல பல மடங்கு சுற்றிப் பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். இதெல்லாம் போக, கூலரில் இருந்த பஞ்சு, கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் அடைந்துகொள்ளும். எஸ்எம்பிஎஸ்ஸை நீங்கள் பிரிக்கவும் கூடாது, கரண்டை எடுத்த பிறகும் அதனுள் கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

செய்யும் முறை சாதாரணமானது. கணினியை நிறுத்தி, யுபிஎஸ்ஸிலிருந்து ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்திவிட்டு, கேபினட்டை வெளியே திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோங்கள். ஹாலுக்குள் வைத்துச் செய்தால் ஊதிய பஞ்சு அடுத்த கணினிக்குப் போகும். பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும். ஃபேன் ஒயரைப் போர்டிலிருந்து எடுத்து, கிளிப்பை நெம்பி, ஃபேனை எடுங்கள். தகடுகளின் முகத்தில் படிந்த பஞ்சைக் கையாலேயே உரிக்கலாம். மிச்சத்தை ஓர் அங்குல மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால், தகடுகள் ஓடும் திசையிலேயே இழுங்கள். பிறகு கையில் பிடிக்கும் சின்ன எலெக்ட்ரிக் ப்ளோயரை எடுத்து, காற்று வழக்கமாக வெளியேறும் பக்கத்திலிருந்து ஊதுங்கள். பஞ்சு வந்த வழியே திரும்பப் போகும். முன்பக்கம் நின்று ஊதினால் இன்னும் உள்ளே தள்ளுகிறீர்கள். கேபினட் ஃபேன்களை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நிட்டிங் ஹாலில் ஒரு சிக்கல் உண்டு. மெஷின்களிலிருந்து கிளம்பும் எண்ணெய்த் துளி காற்றில் கலந்து பஞ்சோடு சேர்ந்து தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. ப்ளோயருக்கு அது அசையாது. அப்படியானால் ஹீட்சிங்க்கைக் கழற்றிச் சோப்புத்தண்ணீரில் கழுவிவிடலாம். ஃபேனைத் தண்ணீரில் போடக் கூடாது, ஹீட்சிங்க்கை மட்டும். செம்புக் குழாய்க்குத் தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அதற்குள்ளேயே தண்ணீர்தான் இருக்கிறது. காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் தண்ணீரை விட்டு இரண்டு முனையும் அடைத்த குழாய் அது. அந்தத் தண்ணீர் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகி, உள்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வரும். இந்த வகைக் குழாயை 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் விண்கலங்களை மனத்தில் வைத்து உருவாக்கினார். விண்கலத்துக்கு யோசித்த பொருள் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் பஞ்சு பிடித்துக் கிடக்கிறது! வளைக்காமல், நசுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஏஎம்4 சாக்கெட் ரைசன் வைத்திருப்பவர்கள் கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு புராசஸரும் சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் இருக்கும் பின்கள் வளைந்தால் செலவுதான். பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டு பேஸ்ட் இளகியதும் நிறுத்தி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகிவிட்டு எடுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கூலரைத் தூக்காதபோது பேஸ்ட்டைத் தொட வேண்டியதே இல்லை. சிரிஞ்சில் வரும் மலிவான வெள்ளைப் பேஸ்ட் சீக்கிரம் காய்ந்து பொடியாகிறது, அதை மட்டும் வாங்காதீர்கள்.

பஞ்சு உள்ளே வருவதையும் குறைக்கலாம். பஞ்சு தரையில்தான் அதிகம் ஓடும், அதனால் கேபினட்டைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுங்கள். முன்பக்கம் வலை ஃபில்டர் வைத்த கேபினட் எடுங்கள். அந்த ஃபில்டரை வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். அடைத்த ஃபில்டர் இருப்பதற்கு ஃபில்டர் இல்லாமலே இருக்கலாம். கூலரை நிட்டிங், கட்டிங் பக்கம் மாதம் ஒருமுறை பாருங்கள், ஏசி அறையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மெஷினையும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பொட்டு வைக்கிறோம். கணினிக்கு மட்டும் வெளியே துடைத்துச் சந்தனம் வைப்பதோடு சரி, கவரைத் திறப்பதில்லை. அன்றைக்காவது திறக்கலாம், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை இந்த ஊருக்குக் காணாது.

பலன் தெரிந்ததா என்று பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும். சுத்தம் செய்யும் முன்பும் பின்பும் ஒரே மார்க்கரை ஓட்டி, புராசஸர் வெப்பத்தையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் வேகம் குறைந்ததா என்பதையும் அதுவே தனி வரியில் காட்டும். பஞ்சு எடுத்தும் 95-ல்தான் நிற்கிறது என்றால் பேஸ்ட்டோ, பின்னோ, ஃபேனோ பார்க்க ஆள் கூப்பிடுங்கள்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இது யாருடைய வேலை என்று எந்தக் கம்பெனியிலும் தீர்மானிக்கப்படவில்லை. மெக்கானிக், "கம்ப்யூட்டர் என் வேலை இல்லை" என்கிறார். கணினி பார்க்கும் பையன், கழற்றினால் திட்டு விழுமோ என்று பயப்படுகிறான். ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஒரு ப்ளோயரும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போடும் அன்று, ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, அதை ஓவர்டைம் கணக்கில் எழுதிக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.